மூளை வீக்கம்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்கிறார்கள், ரத்தப் பரிசோதனையில் அது தெரியுமா?

கொடிமுல்லை (ஈரோடு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையாக எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

என் மகனுக்கு 4 வயது 3 மாதம். இரண்டரை வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் விடாமல் அழைத்துப் போகிறோம். இப்போது பதினைந்து வார்த்தை போலச் சொல்வான், தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைப்பான்.

போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு சென்டருக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், பத்து நாள் கழித்து ஒரு ஃபைல் கொடுத்தார்கள். சிஆர்பி அதிகம், சைட்டோகைன் அதிகம் (இரண்டும் அழற்சியைக் காட்டும் புரதங்களாம்), அதனால் மூளையில் வீக்கம் இருக்கிறது, ஆட்டிசத்துக்கு வேரே அதுதான், வீக்கம் வற்றினால் பேச்சு தானாக வந்துவிடும் என்றார்கள். டேப்லெட்டில் ஒரு மூளைப் படம் காட்டினார்கள், நடுவில் செக்கச்செவேல் என்று இருந்தது. இது என் பிள்ளையின் படமா என்று கேட்டேன். இல்லை, உங்களுக்குப் புரிவதற்காகக் காட்டுகிறோம் என்றார்கள். ரத்தம் கொடுத்த அன்று அவனுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதையும் சொன்னேன், பரவாயில்லை என்றுவிட்டார்கள்.

அழுத்த ஆக்ஸிஜன் அறையில் 40 தடவை, கூடவே ஆறு வகை மாத்திரையும் பவுடரும், கோதுமையும் பாலும் நிறுத்த வேண்டும், இதற்கெல்லாம் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம். அப்புறம் தேவைப்பட்டால் ஸ்டெம் செல், அதற்குத் தனிக் கணக்கு. நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. என் கணவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ராத்திரியெல்லாம் ஃபோனில் எதையோ படித்துக்கொண்டே இருக்கிறார்.

ஒரு விஷயம்தான் என்னைக் குழப்புகிறது. கார்த்திகை மாதம் அவனுக்கு 102 டிகிரி காய்ச்சல். அந்த இரண்டு நாளும் என் மடியிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரணமாக இரண்டு மூன்று வினாடிக்கு மேல் முகம் பார்க்க மாட்டான். என் மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டு "அம்மா" என்றான். காய்ச்சல் விட்டதும் பழையபடி ஆகிவிட்டான். இதைச் சொன்னபோது, நீங்கள் கொடுத்த பாரசிட்டமால் மூளை வீக்கத்தைக் குறைத்திருக்கிறது, அதுதான் சாட்சி என்று அந்த சென்டரில் சொன்னார்கள். அந்த இரண்டு நாளைத் திரும்பப் பார்க்க நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். அதனால்தான் கேட்கிறேன், இதில் எவ்வளவு உண்மை?

தறிவீட்டான் எழுதியது:

சகோதரி, மூளை விஷயம் படித்தவர்கள் சொல்லட்டும். ஸ்டெம் செல் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், நானும் அந்த வாசல் வரை போய்த் திரும்பினவன். தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது அல்ல, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவத் தொழில் நெறியை மீறுவது என்று சொல்லிவிட்டது. நகையைத் தயவுசெய்து பீரோவிலேயே வையுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

அக்கா, நான் நரம்பு மண்டலமும் நோய் எதிர்ப்பும் சேரும் இடத்தில் ஆய்வு செய்பவன். டாக்டர் இல்லை, அதனால் உங்கள் பையனுக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லி உங்களிடம் பணம் கேட்கிறார்களோ அவற்றைப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த "வீக்கம்" என்ற வார்த்தை. மூளை உண்மையிலேயே வீங்கினால், அதாவது மூளைக் காய்ச்சலிலோ தலையில் அடிபட்டோ வீங்கினால், பிள்ளை வாந்தி எடுக்கும், வலிப்பு வரலாம், எழுப்ப முடியாமல் கிடக்கும், ஐசியூவில் சேர்க்க வேண்டியிருக்கும். ஆட்டிசத்தில் ஆய்வாளர்கள் பேசுவது அது இல்லை. அவர்கள் சொல்வது நரம்பு அழற்சி, அதாவது மூளையிலேயே இருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்வதற்கான அடையாளம். இரண்டையும் வீக்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போதே பெற்றவர்களுக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது.

அந்த செல்களில் முக்கியமானது மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பெயினின் ரியோ ஒர்டேகா அவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ரொம்ப காலம் இவற்றைக் குப்பை அள்ளும் செல்கள் என்றுதான் நினைத்தார்கள். இப்போது தெரிகிறது, குழந்தைப் பருவத்தில் நரம்பு இணைப்புகள் தேவைக்கு மேல் உருவாகும்போது, நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிடுகிற மாதிரி, வேண்டாத இணைப்புகளை அகற்றுவதில் இவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே மைக்ரோகிளியா சுறுசுறுப்பாக இருக்கிறது என்றாலே நோய் என்று அர்த்தம் இல்லை.

இப்போது ஆய்வுகளுக்கு வருகிறேன். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வர்கஸ், பார்தோ, ஸிம்மர்மன் குழு, இறந்துபோன 11 ஆட்டிசம் உள்ளவர்களின் மூளைத் திசுவைப் பரிசோதித்தது. வயது 5 முதல் 44 வரை. மைக்ரோகிளியாவும், நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோகிளியா என்ற செல்களும் கிளர்ச்சியில் இருந்தன, குறிப்பாகச் சிறுமூளையில். உயிரோடு இருந்த 6 பேரின் மூளைத் தண்டுவட நீரிலும் அழற்சிக்கான புரதங்கள் கூடுதலாக இருந்தன. நான் பார்த்தவரை, சென்டர்கள் பவர்பாயிண்டில் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு ஆய்வைத்தான். ஆய்வு நல்ல ஆய்வு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 11 மூளை. அதுவும் இறந்த பிறகு.

2011இல் நேச்சர் இதழில் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 19 ஆட்டிசம் மூளைகளில் எந்த மரபணுக்கள் அதிகம் வேலை செய்கின்றன, எவை குறைவு என்று பார்த்தார்கள். நரம்பு இணைப்புகள் தொடர்பானவை மந்தமாக இருந்தன, நோய் எதிர்ப்பு தொடர்பானவை ஓங்கி இருந்தன. இதில் ஆட்டிசத்தோடு பரம்பரைத் தொடர்பு தெரிந்தது நரம்பு இணைப்புத் தொகுதியில்தான், நோய் எதிர்ப்புத் தொகுதியில் அப்படித் தெரியவில்லை. அதாவது அழற்சி பின்னால் வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஒரு வீட்டுக்குள் கொத்தனார் கரண்டியோடு நிற்கிறார் என்றால் சுவரை இடித்தவர் அவர்தான் என்று ஆகிவிடாதே, பூச வந்தவராகவும் இருக்கலாம். 2019இல் பாஸ்டனில் 25 மூளைகளைப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு அளவில் ரத்தக் குழாய்களைச் சுற்றி டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் கூடி நின்றதைக் கண்டார்கள். அதையும் வைத்துப் பார்த்தால், ஆட்டிசம் உள்ள ஒரு பகுதியினரில் ஏதோ ஒரு நோய் எதிர்ப்புச் சமாச்சாரம் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது, அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

சரி, உயிரோடு இருக்கும் ஒருவரிடம் இதைப் பார்க்க முடியுமா? பெட் ஸ்கேனில், அதாவது லேசான கதிரியக்கம் உள்ள மருந்தை ஊசியில் ஏற்றிப் படமெடுக்கும் ஸ்கேனில் முயன்றார்கள். 2013இல் ஜப்பானில் 20 இளைஞர்களைப் பார்த்ததில் மைக்ரோகிளியாவைக் காட்டும் என்று நம்பப்பட்ட டிஎஸ்பிஓ என்ற புரதத்தின் அடையாளம் கூடுதலாக வந்தது. 2020இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு வேறொரு மருந்தூசி போட்டு அதே புரதத்தைப் பார்த்தது, அங்கே குறைவாக வந்தது. நேரெதிர். பிறகு 2023இல், மனித மைக்ரோகிளியாவில் அந்தப் புரதம் கிளர்ச்சியைக் காட்டுவதைவிட செல்களின் அடர்த்தியைத்தான் காட்டுகிறது என்று ஒரு ஆய்வு வந்தது. கோடிக்கணக்கில் விலை போகும் ஸ்கேனரிலேயே நிலைமை இது. இந்த நிலையில், கையில் குத்தி எடுத்த ரத்தத்தில் மூளையின் அழற்சி தெரிந்தது என்று ஒருவர் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். சிஆர்பி கல்லீரலில் உருவாவது. சளி பிடித்தாலும் ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும். உங்கள் பையனுக்கு அன்று மூக்கு ஒழுகியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஃபைலுக்கான விளக்கம் அந்த ஒரு வரியிலேயே இருக்கக்கூடும்.

காய்ச்சல் விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன், அது முக்கியம். இப்போது லேபுக்குப் போக வேண்டும்.

வேப்பமரத்தடி எழுதியது:

கொடிமுல்லை, என் பையனுக்கு 15 வயது ஆகிறது. நீ எழுதினதில் பாதி என் பழைய டைரி மாதிரி இருக்கிறது மா. அந்தச் சிவப்புப் படத்தை எனக்கும் காட்டினார்கள், அப்போது டேப்லெட் இல்லை, லேமினேட் செய்த அட்டை.

அவனுக்கு 6 வயதில் ஆக்ஸிஜன் அறைக்குப் போனோம். பதினோராவது தடவை வெளியே வந்ததும் வலது காதைக் கையால் அறைந்துகொண்டே இருந்தான். அங்கிருந்தவர்கள் நச்சு வெளியேறுகிறது, பிள்ளை இப்படித்தான் செய்யும் என்றார்கள். நான் நம்பினேன். நம்பி மறுநாளும் உள்ளே அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள் காதிலிருந்து நீர் வழிந்து காது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், அழுத்தத்தில் செவிப்பறையில் காயம். அவனுக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, சொல்ல முடிந்த ஒரே வழியில் சொன்னான், நான்தான் படிக்கவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த அறையை ஆட்டிசத்துக்கு அனுமதிக்கவில்லை என்று 2013இலேயே பெற்றோர்களை எச்சரித்திருக்கிறது, எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. 2025 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகனில் இப்படி ஒரு அறை தீப்பிடித்து உள்ளே இருந்த 5 வயதுப் பையன் இறந்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் சோறு உண்ண முடியவில்லை.

சாப்பாட்டு விஷயமும் சொல்கிறேன். கோதுமை, பால் இரண்டையும் எட்டு மாதம் நிறுத்தினோம். அவன் ஏற்கெனவே தயிர் சாதம், பிஸ்கட், அப்பளம் என்று நாலு பண்டம்தான் தின்பான், அதில் இரண்டைப் பிடுங்கியாயிற்று. இளைத்துப்போனான். பேச்சு வரவில்லை. மலச்சிக்கல் இருந்ததற்கு ஒழுங்காக மருந்து கொடுத்தபோதுதான் ராத்திரி தூங்க ஆரம்பித்தான், தூங்கினதும் பகலில் கொஞ்சம் அமைதியானான். உண்மையிலேயே கோதுமையோ பாலோ ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள்தான், அதை டாக்டரிடம் பரிசோதித்துத் தெரிந்துகொண்டு நிறுத்தினால் சரி.

10 வயதில் திடீரென்று தலையைச் சுவரில் இடிக்க ஆரம்பித்தான். மூன்று மாதம். மறுபடியும் ஒருவர் மூளை அழற்சி திரும்பிவிட்டது என்றார். இந்தத் தடவை நான் கேட்கவில்லை, பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தால் கீழ்க் கடைவாய்ப்பல் அடியில் சீழ். பல்லை எடுத்த நாலாம் நாள் இடிப்பது நின்றுவிட்டது. அழற்சி இருந்தது உண்மைதான் மா, தாடையில் இருந்தது.

கொடிமுல்லை எழுதியது:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பதினோராவது நாளைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

தம்பி, நீங்கள் எழுதியதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்று கேட்கச் சொன்னார். அப்படியென்றால் அழற்சி பற்றி நாங்கள் எதுவுமே பார்க்கத் தேவையில்லையா? ஏனென்றால் முன்பு "ஆடு", "பஸ்", "தாத்தா" என்று தெளிவாகச் சொல்வான், இரண்டு மூன்று மாதமாக அந்த மூன்றும் வருவதே இல்லை. அப்புறம் விளையாடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் அப்படியே நின்றுவிடுகிறான், ஐந்து பத்து வினாடி. பெயர் சொன்னாலும் தோளைத் தொட்டாலும் அசைவதில்லை. கண் மட்டும் லேசாகச் சிமிட்டும். தெரபியில் கேட்டதற்கு ஆட்டிசத்தில் இப்படி இருக்கும் என்றார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

அக்கா, முதலில் கடைசியில் சொன்னதற்கு வருகிறேன், மற்றதெல்லாம் காத்திருக்கலாம். இதைக் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் வார்த்தைகள் மறைவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில் நடக்கும். நாலு வயதில், இருந்த வார்த்தை போவதும், தொட்டாலும் திரும்பாமல் உறைந்து நிற்பதும் சேர்ந்து வந்தால் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை, எடுத்துப் பார்ப்பது நல்லது, தூக்கத்திலும் பதிவாகிற மாதிரி. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வரும், அதில் சில வகைகள் கை கால் வெட்டாமல் இப்படி நிற்பதாக மட்டுமே இருக்கும். லாண்டாவ் க்ளெஃப்னர் என்று ஒரு அரிய நிலை இருக்கிறது, பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் வரும், பேச்சு போகும், தூக்க ஈஈஜியில்தான் தெளிவாகத் தெரியும். உண்மையான மூளை அழற்சி நோய்களும் உண்டு. மூளை செல்களில் இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் நோய் எதிர்ப்பே தாக்கும் தன்னெதிர்ப்பு மூளை அழற்சியை 2007இல் டால்மாவ் குழு விவரித்தது. அது சில நாள், சில வாரத்துக்குள் குழந்தையையே மாற்றிவிடும்: பேச்சு போகும், தூக்கம் போகும், வலிப்பு வரும், வாயும் கையும் தானாக அசையும். அதைத் தண்டுவட நீரில் பரிசோதித்து உறுதி செய்வார்கள், சிகிச்சையும் உண்டு. உங்கள் பையனுக்கு அது என்று நான் சொல்லவில்லை, நீங்கள் எழுதியதில் அப்படித் தெரியவும் இல்லை. அழற்சி பற்றிப் பார்க்கவே வேண்டாமா என்று உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, பார்க்க வேண்டிய இடம் அது, பார்க்க வேண்டியவர் நரம்பியல் டாக்டர்.

நிற்பதை ஃபோனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு அது பத்து நிமிடப் பேச்சைவிட உதவும்.

இப்போது காய்ச்சல். நீங்கள் பார்த்தது பிரமை இல்லை. 2007இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் 30 குழந்தைகளைக் கவனித்த ஆய்வு வந்தது, காய்ச்சலின்போது எரிச்சலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் பலருக்குக் குறைந்தன, பிறகு திரும்பின. ஆனால் காய்ச்சல் என்பதே நோய் எதிர்ப்பு ஓங்கி நிற்கும் நேரம். அப்போது பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தான் என்றால், அழற்சி கூடினால் ஆட்டிசம் கூடும், குறைந்தால் குறையும் என்ற சென்டர் கணக்கு அங்கேயே இடறுகிறது. பாரசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், அழற்சியைக் குறைப்பதில் அது ரொம்ப பலவீனமான மருந்து, எனவே அந்த விளக்கமும் நிற்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எம்ஐடியின் குளோரியா சோய், ஹார்வர்டின் ஜுன் ஹு இருவரும் 2016இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள்: கருவுற்ற எலியின் நோய் எதிர்ப்பைத் தூண்டினால் ஐஎல்-17ஏ என்ற புரதம் கூடி, குட்டியின் மூளைப் புறணி அமைப்பில் கோளாறு வருகிறது, வளர்ந்ததும் மற்ற எலிகளோடு சேராமல் ஒதுங்குகிறது. 2020இல் அதே இருவர் பங்கேற்ற ஆய்வு நேச்சரில் வந்தது. அப்படி வளர்ந்த எலிகளுக்கு நோய் எதிர்ப்பைத் தூண்டினால் அதே ஐஎல்-17ஏ மூளையில் வேலை செய்து அவற்றைச் சற்று நேரம் மற்ற எலிகளோடு பழக வைக்கிறது. கருவில் கெடுதல் செய்த அதே புரதம் பிறகு நல்லது செய்கிறது. இப்படிப்பட்ட ஒன்றை "வீக்கத்தை வற்ற வைப்பது" என்று பவுடர் டப்பாவில் அடைத்து விற்க முடியாது.

கர்ப்பம் என்று எழுதிவிட்டதால் ஒன்று. கர்ப்பத்தில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அதனாலா என்று அடுத்ததாக உங்கள் மனம் போகும், எனக்குத் தெரியும். 1964 அமெரிக்க ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) கொள்ளைநோய்க்குப் பிறகு ஸ்டெல்லா செஸ் என்ற குழந்தை மனநல டாக்டர் 243 குழந்தைகளைப் பார்த்தார், கருவிலேயே ரூபெல்லா தாக்கிய குழந்தைகள். அதில் 10 பேருக்கு ஆட்டிசம், 8 பேருக்குப் பாதி அறிகுறிகள். அந்தக் காலத்துக்கு அது மிக அதிகம்தான், ஆனால் மற்ற இருநூற்றுச் சொச்சம் பேருக்கு வரவில்லை என்பதையும் பாருங்கள். சாதாரணக் காய்ச்சல் வந்த பெரும்பாலான அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கிடையாது. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருந்து முயற்சிகள் நடக்காமல் இல்லை. மைக்ரோகிளியாவை அடக்கும் என்று மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள், 2013இல் வெளிவந்த அந்தச் சிறிய ஆய்வில் 11 குழந்தைகள், நடத்தையில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. அந்த வகை மருந்து 8 வயதுக்குக் கீழ் பல்லில் நிரந்தரக் கறை ஏற்படுத்தக்கூடியது, யாராவது எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தை அமெரிக்காவின் டியூக் பல்கலையில் 180 குழந்தைகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள், 2020இல் முடிவு வந்தது, முக்கிய அளவுகோலான சமூகப் பழக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெற்று மருந்தைவிட மேலாக எதுவும் இல்லை.

மழைத்தாள் எழுதியது:

நான் ஆட்டிசம் உள்ளவன், 27 வயது, 5 வயது வரை பேசவில்லை. அக்கா, ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் யார் வந்தாலும் "இவன் மூளையில் கோளாறு" என்று என் முன்னால்தான் பேசுவார்கள், பேசாததால் புரியாது என்று நினைத்தார்கள். எல்லாம் புரிந்தது. வீக்கம், எரிகிறது, கெட்டுவிட்டது என்றெல்லாம் அவன் பக்கத்தில் இருக்கும்போது பேச வேண்டாம்.

குடத்தின் மேல் உங்கள் கையை வைக்கிறான் என்று எழுதினீர்களே, அது பேச்சுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த 1 லட்சத்து 80 ஆயிரத்தில் ஒரு துளி போதும், படங்களைத் தொட்டால் பேசும் ஒரு ஆப் போட்ட டேப்லெட் கிடைக்கும். சென்னை பக்கம் முட்டுக்காட்டில் இருக்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட்டில் இது போன்ற கருவிகள் பற்றி வழிகாட்டுவார்கள், ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கொடிமுல்லை எழுதியது:

அந்த சென்டரிலிருந்து இன்று காலை கூப்பிட்டார்கள், இந்த வாரம் கட்டினால் 20 ஆயிரம் தள்ளுபடி என்றார்கள். என் கணவரே ஃபோனை வாங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீடியோ இரண்டு எடுத்தோம். நரம்பியல் டாக்டர் பார்த்துவிட்டு ஈஈஜிக்கு வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், முந்தின ராத்திரி குறைவாகத் தூங்க வைத்துக் கூட்டி வர வேண்டுமாம். தலையில் எதுவும் பட்டாலே கத்துவான், முடி வெட்டுவதே எங்களுக்குப் பெரிய போராட்டம். தலையெல்லாம் வயர் ஒட்டும் வரை எப்படி இருக்கப் போகிறான் என்று தெரியவில்லை. யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

இன்றிலிருந்தே தினமும் ராத்திரி தலையில் ஒரு துணித் தொப்பி போட்டு அவனுக்குப் பிடித்த பாட்டு ஒன்று வை, முதலில் பத்து வினாடி, அப்புறம் ஒரு நிமிடம். பஞ்சில் தண்ணீர் நனைத்து நெற்றியிலும் மண்டையிலும் அங்கங்கே தொட்டுக் காட்டு, பொம்மைக்கும் தொடு. வியாழக்கிழமை ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டிவிடு, எண்ணெய் வைக்காதே, வைத்தால் வயர் ஒட்டாது. அவன் தலையணை, அவன் போர்வை இரண்டையும் எடுத்துக்கொள். போகும் வழியில் காரிலோ பஸ்ஸிலோ தூங்க விட்டுவிடாதே, நாங்கள் அந்தத் தப்பைச் செய்து மறுபடி ஒரு நாள் போக வேண்டியதாயிற்று. ஒட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடு, அவன் உன் மடியில்தான் உட்காருவான் என்று.